இத்தாக்காவில் பத்தியமும் கொள்கையும்

நியூயார்க் மாநிலத்தில் கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கும் சின்ன ஊர் இத்தாக்கா. மக்கள்தொகை ஏறக்குறைய 30,000. மேட்டில் கார்னெல் பல்கலைக்கழகம், எதிர்மேட்டில் இத்தாக்கா கல்லூரி, இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவில், பழைய பள்ளிக்கூடம் ஒன்றை வணிக வளாகமாக மாற்றிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், 1973 ஜனவரியில் நண்பர்கள் சிலர் ஓர் உணவகம் திறந்தார்கள். பெயர் மூஸ்வுட். அந்த நாளில் முதலாளி, தொழிலாளி என்ற பிரிவு இருக்கவில்லை. சமைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் எல்லோரும் முறைவைத்து மாறிக்கொள்வார்கள். அன்றைக்கு என்ன சாப்பாடு என்பதைக் கரும்பலகையில் எழுதிவைப்பார்கள். இறைச்சி கிடையாது, மீன் மட்டும் சில நாள் உண்டு.

இந்த உணவகத்தை உலகுக்குத் தெரியவைத்தது ஒரு சமையல் புத்தகம். குழுவில் இருந்த மாலி கேட்ஸன் சமையல் குறிப்புகளைத் தன் கையெழுத்திலேயே எழுதி, ஓரத்தில் படங்களும் வரைந்தார். முதலில் உள்ளூரில் சொந்தச் செலவில் அச்சிட்டு விற்ற புத்தகத்தை, 1977-ல் கலிஃபோர்னியாவின் டென் ஸ்பீட் பதிப்பகம் வெளியிட்டது. பிறகு அமெரிக்காவில் ஒரு தலைமுறை மாணவர்கள் வாடகை வீட்டு அடுப்படியில் அந்தப் புத்தகத்தை விரித்துவைத்துத்தான் சமையல் கற்றார்கள்.

அதை இன்றைக்கு ஒருவர் இரண்டு நிபந்தனைகளோடு புரட்டினால் வேடிக்கையாக இருக்கும். கோதுமை கூடாது, பால், முட்டை, நெய் எதுவும் கூடாது. தபூலி இருக்கிறது: எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், புதினா, பார்ஸ்லி. விலங்குப் பொருள் ஒரு துளிகூட இல்லை. ஆனால் அடித்தளமே புல்கர், அதாவது வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை. அடுத்து காலிஃபிளவர் சீஸ் பை. அதன் மேலோட்டுக்குத் துருவிய உருளைக்கிழங்கு, கோதுமை தேவையில்லை. ஆனால் முட்டையும் சீஸும் இல்லாமல் அது நிற்காது. ஹங்கேரியக் காளான் சூப்போ வெண்ணெய், மைதா, பால், புளித்த கிரீம் என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டது. சைவ உணவின் தலைநகரம் என்று பேர் வாங்கிய ஊரில், கோதுமையின் குளூட்டனும் வேண்டாம், விலங்குப் பொருளும் வேண்டாம் என்பவருக்கு 1970களில் கிடைத்திருக்கக்கூடியது பெரும்பாலும் சாலட்தான்.

அது மூஸ்வுட்டின் குறை இல்லை. அந்த இரண்டு நிபந்தனைகளும் அப்போது வேறு வேறு ஆட்களுடையவை. ஒன்று பத்தியம், மருத்துவர் சொல்லி வருவது. மற்றது கொள்கை, தானே வரித்துக்கொள்வது. இரண்டும் ஒரே மேசையில் வந்து உட்கார இன்னும் முப்பது, நாற்பது வருடம் ஆனது.

தற்செயலாக, இரண்டுக்கும் திருப்புமுனையாக அமைந்தது ஒரே குளிர்காலம்தான். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் அவருடைய கூட்டாளிகளும், பாலும் முட்டையும் தின்னும் சைவர்களிடமிருந்து பிரிந்து வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே மாதங்களில் கடலுக்கு அந்தப் பக்கம் நெதர்லாந்தில் ஜெர்மன் படைகளின் பிடியில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ரொட்டி கிடைக்கவில்லை, மக்கள் துலிப் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது, தீராத வயிற்றுப்போக்கோடு வாடிக்கொண்டிருந்த சில குழந்தைகள் மட்டும் தேறினார்கள். குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கெவுக்குக் கோதுமையின் மேல் ஏற்கெனவே சந்தேகம் உண்டு. பஞ்சம் முடிந்து ரொட்டி வந்ததும் அந்தக் குழந்தைகள் மறுபடி படுத்தார்கள். சந்தேகம் உறுதியானது. 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு அந்தக் குழந்தைகளைப் பிடித்த சீலியாக் நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று நிறுவியது. அதுவரை அமெரிக்காவில் அந்த நோய்க்கு வாழைப்பழ வைத்தியம்தான். நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924-ல் தொடங்கிவைத்தது. குழந்தைகள் தேறியதென்னவோ உண்மை. ரொட்டியை நிறுத்தியதால் தேறின, வாழைப்பழத்துக்குப் பேர் கிடைத்தது.

வீகன் கொள்கை அமெரிக்காவில் ஊன்றியதில் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. 1960-ல் நியூஜெர்சியில் அமெரிக்க வீகன் சங்கத்தைத் தொடங்கிய ஜே டின்ஷா, பம்பாயிலிருந்து போன பார்சி ஒருவரின் மகன். இறைச்சிக்கூடம் ஒன்றை நேரில் பார்த்தது அவரை மாற்றியது. சங்கத்தின் பத்திரிகைக்கு அவர் வைத்த பெயர் 'அகிம்சா'.

கல்லூரி ஊர்களில் சைவம் பரவியது இதனால் அல்ல. வியட்நாம் போர், சுற்றுச்சூழல் கவலை, நீண்ட முடி, கூட்டுறவுக் கடை எல்லாம் சேர்ந்த அலை அது. 1971-ல் ஃபிரான்சிஸ் மூர் லாப்பே எழுதிய 'டயட் ஃபார் எ ஸ்மால் பிளானட்' வந்தது. மாட்டுக்குப் போடும் தானியத்தை மனிதன் தின்றால் உலகப் பசி தீரும் என்றது. தானியத்தையும் பருப்பையும் பாலையும் சரியாகச் சேர்த்தால்தான் புரதம் முழுமையாகும் என்றும் சொன்னது. இரண்டாவதை 1981 பதிப்பில் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் பத்து வருடம் அமெரிக்கச் சைவர்கள் ஒவ்வொரு தட்டிலும் பயறோடு பாலாடைக் கட்டியைப் போட்டுச் சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அதே 1971-ல்தான் இத்தாக்காவின் கூட்டுறவு மளிகையும் பிறந்தது. இன்று கிரீன்ஸ்டார் என்ற பெயரில் நடக்கிறது. அன்று அதன் சிப்பங்களில் பழுப்பரிசி, பயறு, முழுக்கோதுமை மாவு.

அந்தத் தலைமுறையின் பெருமை ரொட்டி. கடையில் விற்கும் வெள்ளை ரொட்டி பெருநிறுவனங்களின் சின்னம். வீட்டில் பிசைந்து சுட்ட பழுப்பு ரொட்டி எதிர்ப்பின் சின்னம். சான் பிரான்சிஸ்கோவின் ஜென் பௌத்தர்களிடமிருந்து 1970-ல் வந்த டஸஹாரா ரொட்டிப் புத்தகம் அவர்களுக்கு வேதம். இறைச்சிக்கு மாற்றாக அவர்கள் கண்டது எது? மாவைத் தண்ணீரில் கழுவிக் கழுவி மாச்சத்தைப் போக்கிவிட்டால் கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற உருண்டை. அதுதான் குளூட்டன். சீனப் பௌத்த மடங்களில் நூற்றாண்டுகளாகச் சமைப்பது. ஜப்பானிய வழியில் செய்தான் என்று அமெரிக்காவுக்கு வந்தது. அதற்கும் முன்பே மிச்சிகனில் ஜான் ஹார்வி கெல்லாக், கோதுமைக் குளூட்டனையும் வேர்க்கடலையையும் சேர்த்துப் புரோட்டோஸ் என்ற சைவ இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்றுவிட்டார். ஆக, கொள்கைக்காரரின் தட்டில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது பத்தியக்காரரின் விஷம்.

சாதாரண மாணவனின் தீனியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1960 முதல் கார்னெல் விடுதிகளின் பக்கம் இரவில் வந்து நின்ற ஹாட் டிரக் என்ற வண்டியில் நீள ரொட்டியைப் பிளந்து தக்காளிச் சாறும் சீஸும் போட்டுச் சுட்டுக் கொடுத்தார்கள். ஃபிரெஞ்சு பிரெட் பீட்ஸா பிறந்ததே அங்குதான் என்பது ஊர்க்காரர்களின் உரிமைக்குரல். காலேஜ்டவுன் பகுதியில் பேகல் என்ற வளைய ரொட்டி. பேகலுக்கென்று மில்காரர் தருவதே குளூட்டன் கூடிய மாவு. கார்னெலின் கோழியியல் பேராசிரியர் ராபர்ட் பேக்கர் 1963-ல் அரைத்த கோழி இறைச்சிக்கு மாவுப் பூச்சு உதிராமல் பொரிக்கும் வித்தையைக் கண்டுபிடித்து, காப்புரிமை கேட்காமல் வெளியிட்டார். இன்றைய சிக்கன் நக்கெட்டின் மூதாதை அது. கோழி, மைதா, முட்டை: நம் இரண்டு நிபந்தனைகளையும் ஒரே கடியில் மீறும் பண்டம் இதைவிட வேறு கிடைக்காது.  

ஆனால் பேக்கர் கோழியை அரைத்துக்கொண்டிருந்த அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு பாதையும் ஓடிக்கொண்டிருந்தது. தொடக்கம் உயிர்வேதியியலாளர் கிளைவ் மெக்கே. அரசு மனநல மருத்துவமனைகளில் நோயாளிகள் மலிவான வெள்ளை ரொட்டியையே தின்று வாழ்வதைப் பார்த்து, அந்த ரொட்டியைத் திருத்தினார். மாவு அளக்கும் கோப்பையின் அடியில் ஒரு மேசைக்கரண்டி சோயா மாவு, ஒரு மேசைக்கரண்டி பால் பொடி, ஒரு தேக்கரண்டி கோதுமை முளைப் பொடி போட்டு, மேலே மைதாவை நிரப்ப வேண்டியது. இதுதான் கார்னெல் ரொட்டி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்தபோது சோயாவைத் தின்னச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவரும் அவரே.

அடுத்த கட்டம் இத்தாக்காவில் இல்லை, எழுபது கிலோமீட்டர் தள்ளி ஜெனீவா என்ற ஊரில். கார்னெலின் கட்டுப்பாட்டில் நடக்கும் மாநில வேளாண் ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. சோயாப் பாலை அமெரிக்கர் வாயில் வைக்காததற்குக் காரணம் அதன் பச்சைப் பயற்று வாடை. பயறைக் குளிர்ந்த தண்ணீரில் அரைக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அந்த வாடையைக் கிளப்புகிறது என்பதை வில்கென்ஸ், மாட்டிக், ஹேண்ட் மூவரும் 1967-ல் காட்டினார்கள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அரைத்தால் நொதி செத்துவிடும், வாடையும் எழாது. அட்டைப் பெட்டியில் சோயாப் பால் பின்னாளில் விலைபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நிலையத்தில் கீத் ஸ்டைன்கிராஸ் என்ற நுண்ணுயிரியலாளர் இருந்தார். அவருக்கு உலகத்துப் புளித்த உணவுகள் மேல் தீராத ஆர்வம். இந்தோனேசியாவின் டெம்பேயை ஆராய்ந்து 1960-ல் கட்டுரை வந்தது. 1965-ல் வந்த கட்டுரை இட்லி மாவைப் பற்றியது. முகர்ஜி, ஆல்பரி, பெடர்சன், வான் வீன், ஸ்டைன்கிராஸ் ஐவரும் சேர்ந்து அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, அரைத்து, புளிக்கவிட்டு, எந்தக் கிருமி எவ்வளவு பெருகுகிறது, புளிப்பு எவ்வளவு ஏறுகிறது, மாவு எவ்வளவு பொங்குகிறது என்று அளந்தார்கள். மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் இல்லை, லூகனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா என்றும், அது தானியத்தோடேயே வருகிறது, வெளியிலிருந்து போட வேண்டியதில்லை என்றும் கண்டார்கள். நம் பாட்டிமாருக்கு முடிவு தெரியும். காரணம் சொல்லத்தான் ஆய்வகம் வேண்டியிருந்தது.

ஸ்டைன்கிராஸின் கண்ணுக்குப் பட்டது வேறு. கோதுமையும் ரை தானியமும் இல்லாமல், ரொட்டி போல் உப்பிய பண்டம் ஒன்றைச் செய்ய முடிகிறது. கோதுமை விளையாத நாடுகளுக்கு இது பெரிய வழி. இதைப் பிறகு அவர் பதிப்பித்த உலகப் புளித்த உணவுகளின் கையேட்டிலும் விளக்கினார். கோதுமை மாவு உப்புவது குளூட்டன் வலைபோல் பின்னி வாயுவைப் பிடித்து நிறுத்துவதால். இட்லியில் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்? மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970களில் பதில் சொன்னார்கள். உளுந்தின் கொழகொழப்புக்குக் காரணமான ஒரு கூட்டுச் சர்க்கரையும், அதன் குளோபுலின் புரதமும். புரதம் நுரையை எழுப்புகிறது, கூட்டுச் சர்க்கரை அதை வேகும்வரை சரியாமல் காக்கிறது.

குளூட்டனும் இல்லை, முட்டையும் இல்லை, பாலும் இல்லை, ஆனாலும் உப்புகிறது. இதற்கான வழி மூஸ்வுட் திறப்பதற்கு 8 வருடம் முன்பே பக்கத்து ஊரில் அச்சில் இருந்தது. உணவகங்களின் அடுப்படிக்கு அது வரவில்லை. கேட்க ஆள் இல்லாததுதான் காரணம்.

ஆள் வந்தது 2003-ல். மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் அலெசியோ ஃபசானோவும் குழுவும் 13,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்து, அமெரிக்காவில் 133 பேருக்கு ஒருவருக்குச் சீலியாக் இருக்கிறது என்று வெளியிட்டார்கள். அதுவரை மருத்துவர்கள் அதை ஐரோப்பியக் குழந்தைகளின் அபூர்வ நோய் என்றே நினைத்திருந்தார்கள். அந்தக் கணக்கின்படி 25,000 மாணவர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 190 பேர். அடுத்த ஆண்டு ஒவ்வாமைப் பொருள்களை உறையில் அச்சிட வேண்டும் என்ற சட்டம் வந்தது. கோதுமையோடு பால், முட்டை, மீன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. பத்தியக்காரருக்காக வந்த சட்டத்தில் கொள்கைக்காரரும் குளிர்காய்ந்தார்; பொட்டலத்தின் பின்புறம் பார்த்தால் பால் ஒளிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பார்லியையும் ரை தானியத்தையும் அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டால் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவாக, அதாவது ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உணவு, மருந்து நிர்வாகம் வரையறுத்தது 2013-ல்தான்.

கல்லூரி மெஸ்களை உலுக்கியது இவை எதுவும் இல்லை. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட் இருக்கும் ஊர். அங்கேயே லெஸ்லி என்ற சிறிய பல்கலைக்கழகமும் உண்டு. விடுதியில் தங்குபவர் மெஸ் கட்டணம் கட்டியே ஆகவேண்டும் என்பது அங்கே விதி. சீலியாக் உள்ள மாணவருக்கு அந்த மெஸ்ஸில் தின்னத் தோதாக எதுவும் இல்லை, கட்டணமும் தள்ளுபடி இல்லை. புகார் அமெரிக்க நீதித்துறைக்குப் போனது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் 2012 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது: குளூட்டன் இல்லாத சாப்பாட்டை அன்றாடம் தரவேண்டும், முன்கூட்டிச் சொல்லி வாங்க வழி வேண்டும், சமைக்கவும் வைக்கவும் தனி இடம் வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு 50,000 டாலர். தொகை பெரிதில்லை. ஆனால் நாடெங்கும் மெஸ் மேலாளர்கள் அந்த உடன்பாட்டை அச்செடுத்துப் படித்தார்கள் என்று நம்பலாம், ஏனென்றால் விடுதி மாணவருக்கு மெஸ்ஸைக் கட்டாயமாக்கிய பல்கலைக்கழகங்கள் அங்கே நிறைய.

2016-ல் ஒஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் வளாக உணவகம் ஒன்றை முழுக்கக் குளூட்டன் இல்லாததாக்கிச் சான்றிதழ் வாங்கியது. அடுத்தது கார்னெலின் ரிஸ்லி. ரிஸ்லி விடுதி 1913-ல் கட்டியது. சாப்பாட்டு மண்டபம் ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் மண்டபத்தைப் பார்த்து அமைத்தது. உயர்ந்த மரக்கூரை, நீள மேசைகள். அங்கே 2017 முதல் சமையலறைக்குள் கோதுமை மாவு நுழைவதில்லை. வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும்கூட இல்லை. தனியாகப் 'பத்தியத் தட்டு' வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார வேண்டாம், எல்லோரோடும் வரிசையில் நின்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பதினெட்டு வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

இதே ஆண்டுகளில் கொள்கைக்காரர் தொகையும் பெருகியது. கார்னெல் பேராசிரியர் டி. காலின் கேம்பெல் மகனோடு எழுதிய 'தி சைனா ஸ்டடி' 2005-ல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. பால் பண்ணையில் வளர்ந்தவர் பாலில் உள்ள கேசின் புரதத்துக்கு எதிராக எழுதியது வாசகரைக் கவர்ந்தது. சீனப் புள்ளிவிவரத்திலிருந்து அவர் எடுத்த முடிவுகளை மற்ற ஆய்வாளர்கள் பலமாக மறுத்தார்கள். எப்படியானாலும், வீகன் சாப்பாட்டை அறத்தின் கணக்கிலிருந்து ஆரோக்கியத்தின் கணக்குக்கு மாற்றியதில் அதற்குப் பங்குண்டு. மூஸ்வுட் குழு 2017-ல் வெளியிட்ட புத்தகம் வீகன், குளூட்டன் இல்லாத உணவுகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்தது. கேட்ஸனின் பழைய புத்தகமும் 1992 மறுபதிப்பிலேயே வெண்ணெயையும் முட்டையையும் குறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு நிபந்தனைகளும் ஒரே ஆளிடம் சேரும்போது அடுப்படியில் உண்மையான சிக்கல் தொடங்குகிறது, அதுவும் கேக்கில். கோதுமையை நீக்கியவர்கள் உருவம் நிற்க முட்டையை நம்பினார்கள். முட்டையை நீக்கியவர்கள் குளூட்டனை நம்பினார்கள். இரண்டையும் எடுத்தால் அடுப்பிலிருந்து வருவது மணல். முதல் உதவி சாந்தன் பசை. முட்டைக்கோஸைக் கறுக்கவைக்கும் பாக்டீரியாவிலிருந்து அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் அல்லின் ஜீன்ஸின் குழு எடுத்தது. அடுத்து, குஜராத்தில் விளையும் இசப்கோல் உமி. மூன்றாவது 2014-ல் பிரான்சில் ஜோயல் ரோசெல் கவனித்தது: கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போல் நுரைக்கிறது. மறுஆண்டு அமெரிக்காவில் அந்தத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் வைத்து மெரிங்கே என்ற நுரை இனிப்பைச் செய்துகாட்டினார்கள். உளுந்து அரைத்த கைகளுக்கு இது அவ்வளவு அதிசயம் இல்லை.

உணவகத்தில் கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான் கவிழ்க்கும். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. பொரிக்கும் எண்ணெயில் காலையில் மாவு தோய்த்த வெங்காய வளையம் போயிருக்கும். மாலையில் அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு. அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் தோசைக்கடை திறந்தால் இரண்டு கூட்டமும் ஓடிவரும். அங்கும் ரவா தோசையில் கோதுமை, தோசைக்கல்லில் நெய். சாம்பாரில் போடும் கட்டிப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பது கடைக்காரருக்கே பல நேரம் நினைவில் இருக்காது.

சட்டம் இன்றும் இரண்டு பேரையும் ஒன்றாக நடத்தவில்லை. குளூட்டன் இல்லாதது என்பதற்கு அமெரிக்க அரசிடம் அளவு இருக்கிறது. வீகன் என்பதற்கு அப்படி ஒரு வரையறை இல்லை. 20 என்ற அளவுக்குப் பொறுப்பேற்க அஞ்சும் உணவகங்கள் 'குளூட்டனுக்கு இணக்கமானது' என்று பட்டும்படாமல் அச்சிடுகின்றன. அதனால் பரிமாறுபவர் குறிப்பேட்டை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, அலர்ஜியா, விருப்பமா என்பது. விருப்பம் என்றால் ரொட்டியை எடுத்துவிட்டுத் தருவார்கள். அலர்ஜி என்றால் சீட்டில் தனி அடையாளம் போட்டு உள்ளே அனுப்புவார்கள். சமையல்காரர் கையுறையை மாற்றிக்கொண்டு, வேறு வாணலியை எடுப்பார்.